குடலிறக்கமும் டிஸ்க் விலகலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுவை சிகிச்சைப் பிரிவிலும் எலும்பு மூட்டுப் பிரிவிலும் செவிலியராக மாறி மாறிப் பணியாற்றியதில் ஒரு விஷயம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. குடலிறக்கம், அதாவது ஹெர்னியா உள்ளவர்கள் வருடக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டு வருகிறார்கள். முதுகெலும்பில் டிஸ்க் விலகியிருக்கிறது என்று கேள்விப்பட்டவர்களோ இனி நடக்கவே முடியாதோ என்று நடுங்கிக்கொண்டு மறுநாளே ஓடி வருகிறார்கள். உண்மையில், பெரியவர்களின் வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டை தானாக மூடாது. விலகிய டிஸ்க் பெரும்பாலானவர்களுக்குக் கத்தி படாமலே ஆறிவிடுகிறது. அவசரப்பட வேண்டிய இடத்தில் பொறுமையும், பொறுமை காக்க வேண்டிய இடத்தில் பதற்றமும் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, அறையை விட்டு வெளியே வந்ததும் என்னிடம் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். உங்களைத் தொட்டுப் பார்த்த மருத்துவரின் முடிவுக்கு இது மாற்றாகாது.

குடலிறக்கம் என்கிறார்களே, குடல் நிஜமாகவே கீழே இறங்கிவிடுகிறதா?

வயிற்றுக்குள் இருப்பவற்றைத் தசையும் உறுதியான சவ்வும் சேர்ந்த ஒரு சுவர் தாங்கிப் பிடித்திருக்கிறது. தொடை இடுக்கு, தொப்புள், பழைய அறுவைத் தழும்பு ஆகிய இடங்களில் இந்தச் சுவர் பலவீனமாக இருக்கலாம். அங்கே இடைவெளி விழுந்தால் உள்ளிருக்கும் கொழுப்போ குடலின் ஒரு மடிப்போ வெளியே தள்ளி, தோலுக்கு அடியில் புடைத்து நிற்கும். டயர் கிழிந்த இடத்தில் ட்யூப் பிதுங்குவதைப் போலத்தான். மொத்தக் குடலும் இறங்கிவிடுவதில்லை.

ஆண்களுக்குத் தொடை இடுக்கில் அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. விரைகள் கருவிலேயே வயிற்றுக்குள் உருவாகி, பிறகு ஒரு பாதை வழியாக விரைப்பைக்கு இறங்குகின்றன. அந்தப் பாதை ஆயுள் முழுக்கப் பலவீனமான இடமாகவே இருந்துவிடுகிறது. ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இங்கே குடலிறக்கம் வருகிறது. பெண்களில் இது நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான்.

சிஸ்டர், என் ஸ்கேனில் “டிஸ்க் ஹெர்னியேஷன்” என்று போட்டிருக்கிறது. எனக்கும் ஹெர்னியா ஆபரேஷனா?

இல்லை. அது முதுகெலும்பு சம்பந்தப்பட்டது. தன் இடத்தை விட்டு ஒன்று பிதுங்கி வருகிறது என்பதைத் தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மருத்துவர் வேறு, சிகிச்சை வேறு. வயிற்று ஹெர்னியாவுக்குப் பொது அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்க வேண்டும். டிஸ்க்குக்கு எலும்பு மூட்டு மருத்துவரையோ நரம்பியல் அறுவை நிபுணரையோ பார்க்க வேண்டும். தவறான வரிசையில் அரை நாள் நின்றுவிட்டு வருபவர்கள் நிறைய என்பதால் இதை முன்னதாகவே சொல்கிறேன்.

என் கணவருக்குத் தொடை இடுக்கில் ஒரு புடைப்பு. படுத்தால் காணாமல் போகிறது. இது குடலிறக்கமா, ஓதமா?

படுத்தால் மறைந்து, நின்றாலோ இருமினாலோ திரும்ப வருவது பெரும்பாலும் குடலிறக்கம்தான். மருத்துவர் அவரை நிற்க வைத்து, இடுக்கில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு, “முகத்தை அந்தப் பக்கம் திருப்பி இருமுங்கள்” என்பார். இருமும் நொடியில் உள்ளிருந்து ஏதோ விரலில் வந்து முட்டும். பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பரிசோதனையே போதும், ஸ்கேன்கூடத் தேவைப்படாது.

ஓதம் என்பது விரையைச் சுற்றி நீர் சேர்வது. யானைக்கால் கிருமி இருந்த ஊர்களில் இது அதிகம். ஓத வீக்கம் படுத்தாலும் குறைவதில்லை. வீக்கத்தின் மேல் விளிம்பை விரலால் தனியாகப் பிடித்துப் பார்க்க முடியும். இருட்டில் டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவிச் சிவப்பாகத் தெரியும். கைக்குழந்தைகளின் குடலிறக்கத்திலும் வெளிச்சம் ஊடுருவலாம் என்பதால், டார்ச்சை வைத்து நீங்களே முடிவு கட்ட வேண்டாம். வேட்டி மறைவில் ஒளித்து வைக்காமல் கணவரை அழைத்து வாருங்கள். பரிசோதனை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கனமான மூட்டை தூக்கியதால்தான் வந்ததா?

முழுப் பழியையும் மூட்டை மேல் போட முடியாது. பிறவியிலேயே சுவர் பலவீனமாக இருப்பதும் குடும்பத்தில் யாருக்காவது இருப்பதும் பெரிய காரணங்கள். அதற்கு மேல் வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டும் எதுவும் சேர்ந்துகொள்ளும். ஓயாத இருமல், முக்கி முக்கி மலம் கழிப்பது, புராஸ்டேட் வீங்கிச் சிறுநீருக்கு முக்குவது, கர்ப்பம், வயிறு பெருத்த உடல் எல்லாமே இதில் அடக்கம்.

இதனால்தான் அறுவை சிகிச்சைக்கு முன் நாங்கள் இருமலையும் மலச்சிக்கலையும் விசாரிக்கிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பீடி, சிகரெட்டை விடச் சொல்வதும் உபதேசத்துக்காக இல்லை. புகை காயம் ஆறுவதைக் கெடுக்கிறது, ஓட்டை மறுபடி விழும் வாய்ப்பையும் கூட்டுகிறது.

எனக்கு வலியே இல்லை. பிறகு எதற்கு ஆபரேஷன்?

நியாயமான கேள்வி. தொந்தரவே தராத சிறிய தொடை இடுக்குக் குடலிறக்கம் உள்ள ஆண்கள், மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருக்கலாம். அமெரிக்காவில் 2006இல் வெளியான ஓர் ஆய்வு இப்படிக் காத்திருந்த ஆண்களைத் தொடர்ந்து கவனித்தது. திடீரென்று சிக்கி அவசர நிலைக்குப் போனவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் அதே ஆண்களைப் பத்தாண்டு வரை கவனித்தபோது, மூன்றில் இருவர் கடைசியில் அறுவை சிகிச்சைக்கு வந்துவிட்டார்கள். பெரும்பாலும் வலி கூடியதுதான் காரணம்.

ஆக, காத்திருப்பது ஆபத்தில்லாமல் இருக்கலாம்; ஆனால் ஓட்டை அடைபடப் போவதில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கும் வயதில், தேதி குறித்துச் செய்துகொள்வது நல்லது என்பது என் எண்ணம். எழுபது வயதில் நள்ளிரவில் அவசரமாகத் தியேட்டருக்குக் கொண்டுபோகப்படுவது வேறு மாதிரியான அனுபவம். இந்தக் காத்திருப்புக் கணக்கு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பொருந்தாது. காரணம் கீழே வருகிறது.

பெல்ட் போட்டால் சரியாகிவிடுமா? மாத்திரை, எண்ணெய், ஆசனம் ஏதாவது?

ஓட்டையை மூடும் மாத்திரையோ எண்ணெயோ கிடையாது. பெல்ட் புடைப்பை வெளியே வராமல் அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். அவிழ்த்ததும் பழைய கதை. உடல்நிலையால் அறுவை சிகிச்சையே முடியாது என்றான முதியவர்களுக்கு அது ஒரு தற்காலிக ஆறுதல். புடைப்பு உள்ளே போகாத நிலையில் அதன் மேலேயே இறுக்கிக் கட்டுவது ஆபத்து. நாணயத்தைத் துணியில் மடித்து இடுக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்த பெரியவரின் தோல் புண்ணாகிக் கருத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். புண் ஆறும் வரை அவருடைய அறுவை சிகிச்சையும் தள்ளிப்போனது.

எந்த நேரத்தில் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

வழக்கமாக உள்ளே போகும் புடைப்பு போக மறுக்கிறது; கல் போல் இறுகித் தொட்டாலே வலிக்கிறது; மேல் தோல் சிவக்கிறது அல்லது கறுக்கிறது; வாந்தி வருகிறது; வயிறு உப்பி, காற்றும் மலமும் போகவில்லை. இவற்றில் எது வந்தாலும் குடல் சிக்கியிருக்கலாம். இறுக்கத்தில் ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே அந்தக் குடல் பகுதி அழுகத் தொடங்கும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108ஐ அழையுங்கள்.

வண்டி வரும் வரை மூன்று விஷயங்களைச் செய்ய வேண்டாம். சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள், ஏனென்றால் மயக்க மருந்து தேவைப்படலாம். புடைப்பை அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள். பேதி மாத்திரையோ எனிமாவோ கொடுக்காதீர்கள். “வாயுதான், பெருங்காயத் தண்ணீர் குடித்தால் சரியாகும்” என்று ஒரு ராத்திரியைக் கழித்துவிட்டு வருபவர்களின் குடலைத்தான் வெட்டி எடுக்க வேண்டியதாகிறது.

பெண்களுக்கும் வருமா? எனக்கு சிசேரியன் தழும்புக்குப் பக்கத்தில் உப்பலாக இருக்கிறது.

வரும். பெண்களுக்குத் தொப்புளிலும் தழும்பிலும் வருவது சகஜம். தையல் போட்ட இடம் சீழ் பிடித்து ஆறியிருந்தாலோ உடல் எடை கூடியிருந்தாலோ வாய்ப்பு அதிகம். பிள்ளை பெற்ற வயிறு இப்படித்தான் இருக்கும் என்று பல பெண்கள் விட்டுவிடுகிறார்கள். படுத்துக்கொண்டு தலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். தழும்பின் மேல் ஓரிடம் புடைத்தால் காட்டிவிடுங்கள். நடுக்கோட்டில் மேலிருந்து கீழ் வரை நீளவாக்கில் மட்டும் மேடு தெரிந்தால் அது தசைகள் விலகியதாக இருக்கலாம். அதில் ஓட்டை இல்லை. பயிற்சியிலேயே ஓரளவு தேறும்.

தொடை மடிப்புக்குச் சற்றுக் கீழே சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தால் இன்னும் கவனம் தேவை. பெண்களுக்கே அதிகம் வரும் தொடைக் குடலிறக்கமாக அது இருக்கலாம். வழி மிகக் குறுகலானது என்பதால் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். முன்பு சொன்ன காத்திருப்பு பெண்களுக்குப் பொருந்தாது என்றது இதனால்தான்.

குழந்தைக்குத் தொப்புள் துருத்திக்கொண்டு இருக்கிறது. ஒரு ரூபாய்க் காசு வைத்துக் கட்டச் சொல்கிறார் மாமியார்.

கட்ட வேண்டாம். குழந்தைகளின் தொப்புள் குடலிறக்கம் நான்கைந்து வயதுக்குள் பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். குடலிறக்கம் தானாக மூடாது என்பதற்கு இது ஒன்றுதான் விலக்கு. காசு கட்டியதால் மூடியது என்று தோன்றுவதும், அது எப்படியும் மூடியிருக்கும் என்பதால்தான். மாமியாரிடம் சண்டை வேண்டாம். அடுத்த தடுப்பூசி நாளில் அவரையும் அழைத்து வாருங்கள், டாக்டரே சொல்லட்டும்.

குழந்தையின் தொடை இடுக்கில் புடைப்பு இருந்தால் கதை வேறு. அழும்போது மட்டும் தெரிந்தாலும்கூட அது தானாக மூடாது. குறைமாதக் குழந்தைகளுக்கு இது அதிகம், சிக்கிக்கொள்வதும் சீக்கிரம் நடக்கும். கண்டுபிடித்ததும் குழந்தைகள் அறுவை நிபுணரிடம் காட்டி நாள் குறித்துவிட வேண்டும். சிறிய அறுவை சிகிச்சைதான். வலை எதுவும் வைப்பதில்லை.

உடம்புக்குள் பிளாஸ்டிக் வலை வைப்பார்களாமே? அது கெடுதல் இல்லையா?

இத்தாலிய மருத்துவர் பாசினி 1887இல் கொடுத்த முறையில், ஓட்டையின் இரு பக்கத் தசையையும் இழுத்துத் தைத்தார்கள். நூறு ஆண்டுகள் உலகம் அதைப் பின்பற்றியது. இழுத்துத் தைத்த இடம் இறுக்கத்தில் வலிக்கும், சிலருக்கு மறுபடி பிரியும். 1980களில் அமெரிக்காவின் லிக்டன்ஸ்டைன், இழுக்காமல் ஒரு வலையை மேலே பரப்பித் தைக்கும் முறையைப் பரவலாக்கினார். பாலிபுரொப்பிலீன் என்ற இந்த இழையின் கண்கள் வழியே நம் திசுவே வளர்ந்து சுவரோடு சேர்ந்துகொள்கிறது. மறுபடி வரும் வாய்ப்பு இதனால் வெகுவாகக் குறைந்தது.

இந்த வலை விலை கூடியதாக இருந்த காலத்தில், மகாராஷ்டிராவின் தோண்டாயிச்சா என்ற சிறிய ஊரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ரவீந்திரநாத் டோங்காவ்கர் கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கிப் பயன்படுத்திக் காட்டினார். பிறகு உகாண்டாவில் 302 ஆண்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், மலிவான வலையும் விலை உயர்ந்த வலையும் ஓராண்டு முடிவில் ஏறக்குறைய ஒரே பலனைக் கொடுத்தன. ஏழை நோயாளிக்காக யோசித்த ஒரு சிற்றூர் மருத்துவரின் வேலை அத்தனை தூரம் போனதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. “விலை அதிகமான வலைதான் நல்லதா?” என்று கேட்பவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

கெடுதலே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மாதக்கணக்கில் இடுக்கில் வலியோ மரத்துப்போன உணர்வோ நீடிக்கலாம். பலருக்குப் படிப்படியாகக் குறையும். வலையில் கிருமித் தொற்று அபூர்வம். வந்தால் மீண்டும் திறக்க வேண்டியிருக்கும்.

ஓட்டை போட்டுச் செய்வது நல்லதா, கிழித்துச் செய்வது நல்லதா?

சிறு துளைகள் போட்டுக் கேமரா வழியாகப் பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் வலி சற்றுக் குறைவு, வேலைக்குத் திரும்புவதும் சீக்கிரம். இரண்டு பக்கமும் இருந்தாலோ ஒருமுறை திறந்து செய்து மறுபடி வந்திருந்தாலோ அதற்கு நல்ல பயன் உண்டு. ஆனால் முழு மயக்கம் தேவை, செலவும் கூடுதல். இதயமோ நுரையீரலோ பலவீனமான முதியவருக்கு, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து திறந்த முறையில் முடிப்பது பாதுகாப்பு. அரசு மருத்துவமனைகளில் இது இலவசமாகவே நடக்கிறது. எந்த முறை என்பதைவிட, அந்த முறையில் கை பழகிய மருத்துவரா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைப்பார்களாம். ஆயுசுக்கும் முதுகுவலி வருமாமே?

சிசேரியன் ஆன ஒவ்வொரு பெண்ணும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கும். சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரும். அதற்குச் சிகிச்சை உண்டு. ஆண்டுக்கணக்கான முதுகுவலிக்கும் அந்த ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்பத்தில் தளர்ந்த தசை, குழந்தையைக் குனிந்து குனிந்து தூக்குவது, தூக்கமின்மை ஆகியவைதான் அந்த வலிக்குப் பின்னால் இருக்கின்றன. பழி மட்டும் ஊசி மேல் விழுந்துவிடுகிறது.

ஆபரேஷன் செய்தால் தாம்பத்தியத்துக்குப் பாதிப்பு வருமா?

கேட்கத் தயங்கி, மனைவியை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பார்கள். ஆண்மைக்கான நரம்புகள் அந்த இடத்தில் இல்லை. விரைக்குப் போகும் ரத்தக் குழாயும் விந்துக்குழாயும் பக்கத்தில் ஓடுவதால் மருத்துவர் அவற்றைப் பத்திரமாக ஒதுக்கிவிட்டுத்தான் தைப்பார். காயம்படுவது அபூர்வம். விரைப்பை வீங்கிக் கறுத்துத் தெரிவது முதல் வாரத்தில் சகஜம். ரத்தம் கட்டிய நிறம்தான் அது. வலி அடங்கியதும் வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பலாம்.

எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்? மறுபடி மூட்டை தூக்கலாமா?

அன்றோ மறுநாளோ எழுந்து நடக்க வேண்டும். எழும்போது நேராக நிமிர்ந்து எழாதீர்கள். முதலில் ஒருக்களித்துப் படுத்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமல், தும்மல் வரும்போது ஒரு தலையணையைத் தையல் மேல் வைத்து அணைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடலாம்.

கனமான வேலைக்குப் பெரும்பாலான மருத்துவர்கள் நான்கு முதல் ஆறு வாரம் சொல்வார்கள். தழும்பில் வந்த பெரிய குடலிறக்கமானால் இன்னும் கூடுதலாகும். நாள் கூலிக்குப் போகிறவர்களுக்கு இந்த ஆறு வாரம் எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். தேதி குறிக்கும்போதே தொழிலைச் சொல்லிவிடுங்கள். வேலை குறைவான பருவம் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

இப்போது டிஸ்க்குக்கு வருவோம். விலகிவிட்டது என்றால் எலும்பு நகர்ந்துவிட்டதா?

எலும்பு அங்கேயேதான் இருக்கிறது. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல் இருப்பவை டிஸ்க்குகள். வெளியே கெட்டியான நார் வளையம், நடுவே கூழ் மாதிரியான பகுதி. வளையத்தில் கீறல் விழும்போது நடுப்பகுதி பின்னால் பிதுங்கி, அருகில் போகும் நரம்பைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் நரம்பு அழற்சியாகி வீங்குகிறது. இடுப்புப் பகுதியில் நடக்கும் விலகல்களில் 95 சதவீதம், கடைசி இரண்டு இடங்களான எல்4–எல்5, எல்5–எஸ்1 ஆகியவற்றில்தான். நம் எடையையும் குனிவையும் அதிகம் தாங்குபவை அவை.

வலி காலில்தான் இருக்கிறது. எதற்கு முதுகைப் பார்க்கிறார்கள்?

அமுக்கப்படும் நரம்பு புட்டம், தொடையின் பின்புறம், கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை போவதால் வலியும் அங்கெல்லாம் தெரிகிறது. மின்சாரம் பாய்வது போல் முழங்காலுக்குக் கீழே இறங்கும் வலி, இருமினால் கூடுவது, பாதத்தில் மதமதப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். மருத்துவர் உங்களை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மேலே தூக்குவார். பாதித் தூரம் தூக்குவதற்குள் அதே வலி காலில் இறங்கினால் நரம்பு அமுங்குகிறது என்று பொருள்.

வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நான்கடி, முன்பாதத்தால் நான்கடி நடங்கள். ஒரு கால் மட்டும் ஒத்துழைக்காமல் பாதம் தொங்கினாலோ, குதிகால் எழும்பவில்லை என்றாலோ, பலம் குறைகிறது என்று அர்த்தம். அதைத் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யில் இரண்டு டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று வந்திருக்கிறது. படுக்கையில் விழுந்துவிடுவேனா?

ரிப்போர்ட்டைக் கண்ணீரோடு நீட்டுபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளியானது. இருபது வயதிலேயே பத்தில் மூன்று பேருக்கு டிஸ்க் உப்பியிருந்தது. எண்பது வயதில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அப்படி. அவர்கள் யாருக்கும் வலி இல்லை. ஸ்கேனில் தெரிவதெல்லாம் நோயில்லை. உங்கள் காலின் வலியும் பலவீனமும் படத்தில் தெரியும் இடத்தோடு பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

முதல் ஆறு வாரத்தில் அபாய அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் எம்.ஆர்.ஐ.யே தேவையில்லை என்பது பொதுவான மருத்துவ வழிகாட்டுதல். அறுவை சிகிச்சையோ ஊசியோ யோசிக்கும்போது எடுத்தால் போதும். காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, புற்றுநோய் அல்லது காசநோய் வந்த வரலாறு, கீழே விழுந்த அடி ஆகியவை இருந்தால் உடனே எடுக்க வேண்டும். முதுகெலும்பில் காசநோய் வருவது நம் நாட்டில் இன்னும் அபூர்வமாகிவிடவில்லை.

ஒரு மாதம் பலகையில் படுத்து ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள். சரியா?

அது பழைய காலத்து ஆலோசனை. வலி கடுமையான ஓரிரு நாள் படுக்கலாம். அதற்கு மேல் படுத்தால் தசை தளர்ந்து வலி நீடிக்கும். பலகையும் வேண்டாம், மிதமான கெட்டியுள்ள மெத்தை போதும். மெதுவாக நடப்பதுதான் நல்ல மருந்து. நெடுநேரம் உட்கார்வது, குனிந்து கோலம் போடுவது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து வளைந்து நடப்பது, இருசக்கர வண்டியில் நீண்ட தூரம் போவது ஆகியவற்றைச் சில வாரங்களுக்குக் குறையுங்கள். தரைக் கழிப்பறை சிரமமானால் நாற்காலி வகையைப் பயன்படுத்துங்கள். இடுப்பு பெல்ட்டைப் பயணத்தின்போது போடலாம், நாள் முழுக்கப் போட்டால் தசை சோம்பிவிடும்.

இப்படி இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் வலி நன்றாகக் குறைகிறது. பிதுங்கிய பகுதியை உடம்பே கரைத்துக்கொள்வதும் உண்டு. வியப்பாக, முழுதாகத் துண்டித்து வெளியே வந்த பெரிய துண்டுகள்தான் அதிகமாகக் கரைகின்றன. கடுமையான வலி தணிந்ததும் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியைத் தொடங்கலாம். கடையில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்கி வாரக்கணக்கில் விழுங்காதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களின் சிறுநீரகத்தை அது சத்தமில்லாமல் கெடுக்கும்.

உருவிவிட்டால் உள்ளே போய்விடும் என்கிறார்களே? முதுகில் ஏறி மிதித்தால் சுளுக்கு விடுமாமே?

பிதுங்கிய டிஸ்க்கை வெளியிலிருந்து கையால் உள்ளே தள்ள முடியாது. அதற்கும் தோலுக்கும் நடுவே தடித்த தசையும் எலும்பும் இருக்கின்றன. மெல்லத் தைலம் தேய்த்தால் இறுகிய தசை இளகும், இதமாக இருக்கும், அதில் தவறில்லை. முதுகில் ஏறி மிதிப்பது, இடுப்பை வெடுக்கென்று முறுக்குவது வேண்டாம். அப்படி முறுக்கிய பிறகு பாதம் தொங்கிப்போய் வந்தவர்கள் உண்டு. எடை கட்டி இழுக்கும் சிகிச்சை இன்னும் பல இடங்களில் நடக்கிறது. அதனால் நிரந்தரப் பலன் இருப்பதற்கு வலுவான சான்று இல்லை. இதமாக இருக்கிறது என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறி டிஸ்க்கிலும் உண்டா?

உண்டு. சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமலே போவது. மலம் அடக்க முடியாமல் போவது. சேணத்தில் உட்காரும் இடமான ஆசனவாய், பிறப்புறுப்பு, உள்தொடை மரத்துப்போவது. இரு காலும் பலமிழப்பது. இது கீழ் நரம்புக் கொத்து மொத்தமும் நசுங்குவதன் அடையாளம். ஓரிரு நாளுக்குள் அழுத்தத்தை அகற்றாவிட்டால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். கழுவும்போது உணர்வு தெரிகிறதா என்று நான் ஒவ்வொரு டிஸ்க் நோயாளியிடமும் கேட்பேன். வெட்கப்படாமல் பதில் சொல்லுங்கள்.

முதுகில் ஆபரேஷன் செய்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று ஊரே சொல்கிறது.

தண்டுவடம் இடுப்பின் மேல் பகுதியிலேயே, அதாவது முதல் அல்லது இரண்டாம் இடுப்பு எலும்பு அளவில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தனித்தனி நரம்புகள்தான் ஓடுகின்றன. எல்4–எல்5இல் கத்தி போகும் இடத்தில் தண்டுவடமே இல்லை. நுண்ணோக்கி வைத்துச் செய்யும் இந்த அறுவை சிகிச்சையில், நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் மறுநாளே நடக்கிறார்கள். நரம்புக் காயம், தொற்று போன்ற அபாயங்கள் உண்டு, ஆனால் குறைவு. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்கலாம்.

யாருக்குத் தேவை என்பதில்தான் நிதானம் வேண்டும். நெதர்லாந்தில் 2007இல் வெளியான ஆய்வில், சீக்கிரமே அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கால்வலி வேகமாக நின்றது. காத்திருந்தவர்களில் பத்தில் நான்கு பேர் பிறகு அறுவைக்கு வந்தார்கள், மற்றவர்கள் அது இல்லாமலே தேறினார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஒரே நிலையில்தான் இருந்தன. கால் பலவீனம் கூடிக்கொண்டே போனாலோ, ஆறு முதல் பன்னிரண்டு வாரம் முயன்றும் கால்வலி வாழவிடாவிட்டாலோ செய்துகொள்ளலாம். வெறும் முதுகுவலிக்கு இந்த அறுவை அவ்வளவாக உதவாது. மரத்த உணர்வு திரும்ப மாதங்கள் ஆகும்.

அறுவைக்கு முன் முதுகில் ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்க்கச் சொல்கிறார்களே?

சிலருக்குச் சில வாரங்கள் கால்வலியைத் தணிக்கும். நரம்பு தானாக ஆறும் வரை காலத்தைக் கடத்த உதவும், டிஸ்க்கை உள்ளே இழுக்காது. சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த வாரம் சர்க்கரை ஏறும் என்பதால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இடுக்கில் வலி இருக்கிறது, புடைப்பு இல்லை. ஸ்கேனில் மட்டும் “சிறிய ஹெர்னியா” என்கிறார்கள். ஆபரேஷன் செய்துகொள்ளவா?

அவசரப்படாதீர்கள். ஸ்கேனில் தெரிவதெல்லாம் நோயில்லை என்று எம்.ஆர்.ஐ. கேள்வியில் சொன்னது இங்கும் பொருந்தும். இடுக்கில் வலி இடுப்பு மூட்டுத் தேய்மானத்தாலும் தசைப் பிடிப்பாலும் சிறுநீரகக் கல்லாலும் வரும். மேல் இடுப்பு டிஸ்க்காலும் வரலாம். செருப்பு மாட்டும்போதும் சம்மணமிடும்போதும் வலித்தால் இடுப்பு மூட்டைப் பாருங்கள். வலிக்குக் காரணம் வேறாக இருந்து வலை மட்டும் வைத்துவிட்டால், பழைய வலி அப்படியே இருக்கும், புது வலியும் சேரலாம்.

அப்பாவுக்குக் குடலிறக்கமும் இருக்கிறது, டிஸ்க்கும் விலகியிருக்கிறது. எதை முதலில் பார்ப்பது?

மேலே சொன்ன இரண்டு அபாயப் பட்டியல்களில் எது தென்படுகிறதோ அதுதான் முதலில். இரண்டும் இல்லையென்றால், பெரும்பாலும் கால்வலியைத் தணியவிட்டு, அவர் வசதியாக நடக்கத் தொடங்கிய பிறகு குடலிறக்கத்துக்கு நாள் குறிப்பார்கள். அறுவைக்குப் பின் நடமாட்டம் அவசியம் என்பதால் இந்த வரிசை வசதி. இடையில் ஒன்றைக் கவனியுங்கள். டிஸ்க் வலிக்குக் கொடுக்கும் டிராமடால் போன்ற மாத்திரைகள் மலத்தை இறுக்கும். முக்கினால் குடலிறக்கம் பெரிதாகும். தண்ணீர், கீரை, பழம் தாராளமாகக் கொடுத்து, தேவைப்பட்டால் மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள். முதுகுப் பயிற்சியில் மூச்சை அடக்கி வயிற்றை இறுக்குபவற்றைத் தவிர்க்க, குடலிறக்கம் இருப்பதைப் பிசியோதெரபிஸ்டிடம் சொல்லிவிடுங்கள்.

குடலிறக்க அறுவைக்கு வரும்போது எம்.ஆர்.ஐ. படத்தையும் எடுத்து வாருங்கள். எந்தக் காலில் மதமதப்பு, எவ்வளவு நாளாக என்பதை மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொன்னால், முதுகில் ஊசி போடுவதா வேறு வழியா என்று அவர் பார்த்து முடிவு செய்வார்.